ஆறாவது மாடிக்கு ஏறிய மரம்

அகலக்கா காலடி வைத்தால் போதும், எலிவளையும் மாளிகையாகிவிடும். இது புகழ்ச்சி அல்ல, அவளுடைய பிழைப்பு. வாடகைக்கு வரும் வீடுகளைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் கொஞ்சம் கைவைத்து, வீட்டு புரோக்கரிடம் கொடுப்பாள். புரோக்கர் அதை இணையத்தில் போட்டுக் கீழே ‘அகலமான ஹால், அகலமான படுக்கையறை, அகலமான சமையலறை’ என்று எழுதுவார். குளியலறைக்கு மட்டும் ‘போதுமான’ என்று எழுதுவார். அவருடைய மனசாட்சி குளிக்கும் இடத்தில் மட்டும்தான் விழிக்கும். இப்படி அகலம் அகலம் என்று எழுதி எழுதி, அகலத்துக்குக் காரணமானவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பால்காரர் முதல் பல் டாக்டர் வரை இப்போது அகலக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் என்னவோ ஒல்லி.

அவள் வேலை செய்வதைப் பார்த்தால் யாரும் படம் பிடிக்கிறாள் என்று சொல்ல மாட்டார்கள். திருட வந்து மாட்டிக்கொண்டவள் என்பார்கள். அறையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு காலைக் கதவிடுக்கில் செருகி, மூச்சை உள்ளே இழுத்து, கேமராவை இடுப்பு உயரத்தில் பிடிப்பாள். எல்லா விளக்கும் எரிய வேண்டும். கழிப்பறை மூடி மூடியிருக்க வேண்டும். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஒற்றைச் சாக்ஸ் எங்கேயாவது தொங்கும், அதைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அழிப்பு வேலை. ஈரக்கறை, ஆணி ஓட்டை, சுவிட்சைச் சுற்றி இருக்கும் கைரேகைகள், பல்லி எல்லாம் போகும். ஒருமுறை பல்லியை அழித்தவள் அவசரத்தில் வாலை மறந்துவிட்டாள். வீடு பார்க்க வந்தவர் படத்தைக் காட்டி, “இந்த டிசைன் சுவர்ல அப்படியே இருக்குமா, பெயின்ட் அடிச்சுடுவீங்களா?” என்று கேட்டார்.

ஆனாலும் அவளுக்கு ஒரு நேர்மை உண்டு. சுவரை நகர்த்த மாட்டாள். இல்லாத மின்விசிறியை மாட்ட மாட்டாள். வானத்தை மட்டும் மாற்றுவாள். வானம் வீட்டுக்காரருடையதும் அல்ல, குடிவருபவருடையதும் அல்ல, பொதுச்சொத்து. பொதுச்சொத்தில் கைவைக்காதவர் யார்? பல்வலியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எடுத்த நீல வானம் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் இடதுகால் செருப்பு போல ஒரு மேகம். ஊரில் பாதிப்பேர் அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் வீடு பிடித்திருக்கிறார்கள். இதுவரை ஒருவரும் வந்து மேகம் எங்கே என்று கேட்டதில்லை.

இத்தனை வீட்டை அகலமாக்கியவளுக்கு இப்போது சொந்தமாக ஒரு வாடகை வீடு கிடைக்கவில்லை. குடியிருக்கும் வீட்டுக்காரர், “பையனுக்குக் கல்யாணம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார். கல்யாணம் என்றால் யாரோடு சண்டை போட முடியும்? வாழ்த்துச் சொல்லிவிட்டு வீடு தேடத் தொடங்கினார்கள்.

வீட்டில் மூன்று பேர். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன், ஆனால் வீட்டில் அவன் குரல் தரைத்தளத்தை விட்டு ஏறியதில்லை. மூன்றாவது ஆள் அத்தை, அதாவது மாமியார். பெரிய துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டும் வேலையில் ஓய்வு பெறும் வரை இருந்தவர். வாழ்க்கையில் பாதியைப் பொம்மைகளோடு பேசிக் கழித்ததால், எதிராளி பதில் சொல்லக்கூடும் என்கிற எண்ணமே அவருக்கு வராது.

வீடு தேடும் படலத்தில் அத்தைதான் நீதிபதி. முதல் வீட்டில் படிக்கட்டு முறைக்கிறது என்றார். இரண்டாவது வீட்டில் குழாய் அழுதுகொண்டே இருக்கிறது என்றார். மூன்றாவது வீட்டின் சொந்தக்காரர் மூக்கால் பேசுகிறார், அது காலப்போக்கில் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார். நான்காவது வீட்டில் குறை கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் வாசலில் நின்று, “எல்லாம் சரியா இருக்கு. அதான் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

“அம்மாவுக்குப் பிடிக்கிற வீட்டை இன்னும் கட்டவேயில்ல. இனிமேத்தான் பிளான் போடணும்” என்றான் மெக்கானிக்.

மாசக் கடைசிக்குள் வீடு கிடைக்காவிட்டால் போக ஓர் இடம் இருந்தது. அதுதான் பயம். மெக்கானிக்கின் அண்ணன் வீட்டு மாடியறை. அங்கே அகலக்காவின் ஓரகத்தி இருந்தாள். அவளிடம் டீக்குச் சர்க்கரை கேட்டால், “யாருக்கு?” என்று கேட்பாள். “எனக்குத்தான்” என்றால், “ஏன்?” என்பாள். அந்த ‘ஏன்’னுக்கு அஞ்சித்தான் அகலக்கா தினமும் வீடு தேடினாள்.

இந்த நெருக்கடியின் நடுவில்தான் மரம் பூத்துத் தொலைத்தது.

அன்றைக்கு ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், காலியாக இருந்த வீட்டைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் ஸ்கூட்டரின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனாள். வண்டியை விட்டுவிட்டு நிழல் தேடிக் கடைக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய டயர் குவியலுக்கு நடுவே ஒரு மரம். இலை என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை. அடிக்கிளையிலிருந்து நுனிவரை ரோஜா நிறத்தில் பூ. கொஞ்சமாவது அடக்கம் வேண்டாமா? பஞ்சர் கடைக்குப் பின்னால் நிற்கிறோம், பார்க்க ஆளில்லை, எதற்கு இவ்வளவு என்று ஒரு யோசனை வேண்டாமா? கிடையாது.

“இது எப்பப் பூத்துச்சு?” என்று கத்தினாள்.

“எது?” என்றார் பஞ்சர்காரர், டியூபிலிருந்து தலையைத் தூக்காமல்.

“மரம்!”

அவர் எட்டிப் பார்த்தார். “அட, ஆமா. நேத்துலேருந்து தும்மிட்டே இருந்தேன். இதுதான் காரணமா?”

அகலக்கா கேமராவை எடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பல்ல. டயர் மேல் ஏறினாள். டயருக்குள் படுத்தாள். டயர் ஓட்டை வழியாக மரத்தைப் பார்த்தாள். அந்த ஓட்டைக்குள் மரம் முழுசாக அடங்கியதைப் பார்த்ததும் தன்னை அறியாமல் ஒரு சத்தம் போட்டாள். பஞ்சர்காரர் டியூபைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“பாம்பா?”

“இல்ல. கொஞ்சம் இந்த டயரைத் தூக்கிப் பிடிங்க. இன்னும் மேல. இன்னும் கொஞ்சம். அண்ணே, உங்க தொப்பை தெரியுது.”

“தொப்பையோட எடு அக்கா, பரவாயில்ல. நம்ம வீட்டுல காட்டணும்.”

டியூபில் ஓட்டை கண்டுபிடிக்கிற தொட்டித் தண்ணீரில் பூ மிதந்தது, அதை எடுத்தாள். அந்தத் தண்ணீரில் மரம் தலைகீழாக ஆடியது, அதையும் எடுத்தாள். டியூபைத் தண்ணீரில் அமுக்கச் சொல்லி, காற்றுக் குமிழி பூவைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதை எடுத்தாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஒருத்தர் பின்னால் நின்றவரிடம், “என்ன, விபத்தா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. பூத்திருக்கு.”

“அடடா” என்றார் முதலாமவர், அடிபட்டது யார் என்று தெரிந்துகொண்ட குரலில்.

பஞ்சர்காரர் ஒட்டி முடித்து வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். அகலக்கா கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்து, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினாள். ஓடினவள் வண்டியை எடுப்பதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் படம் பிடித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக அவள் விரல்கள் செய்ததெல்லாம் அழிப்பதும் மறைப்பதும்தான். இன்றைக்கு முதன்முதலாக அழிக்க ஒன்றுமில்லை. விரல்களுக்கே அது புரியவில்லை. பழக்க தோஷத்தில் கிளையில் இருந்த ஒரு முடிச்சை அழித்துவிட்டு, “சீ, இருந்துட்டுப் போகட்டும்” என்று திரும்பக் கொண்டுவந்தாள். அப்புறம் பூவின் நிறத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். ஊதா ஆனது. இன்னும் நகர்த்தினாள். நீலம். மயில்கழுத்து நிறத்தில் ஒரு மரம்! அவள் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தாள், கை எட்டவில்லை.

அதற்குப் பிறகு மரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் டீ கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவிக்குப் பதிலாக மரம் கிளம்பியது. கூரையிலிருந்து சரவிளக்கு மாதிரி தலைகீழாகத் தொங்கியது. பழைய வேலைப் படங்களில் இருந்த ‘போதுமான’ குளியலறை ஒன்றில், வாளிக்குள் இடுப்பளவு நீரில் நின்று குளித்தது. கதவு பாதி மூடிய லிஃப்டுக்குள் நெருக்கியடித்து நின்று, ஒரு கிளையை வெளியே நீட்டிப் பொத்தானை அழுத்தியது.

மெக்கானிக் அதை உற்றுப் பார்த்தான். “இவ்வளவு லோடு தாங்காது. அலாரம் அடிக்கும்.”

“பூவுக்கு என்ன எடைங்க?”

“பூவுக்கு இல்ல. வேருக்கு.”

அடுத்த படத்தில் மரம் அவன் தலையில் முளைத்திருந்தது. உச்சியில் முடி கொட்டி வெளிச்சம் விழுந்த இடத்தில் சரியாக நட்டிருந்தாள். புருவம் வரை பூச் சரிந்திருந்தது. மெக்கானிக் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதை எனக்கு அனுப்பு. டாக்டர்கிட்ட காட்டி, இந்த மாதிரி வேணும்னு சொல்றேன்” என்றான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹாலில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த மயக்கத்தில் புரோக்கர் ஃபோன் செய்தார். “அந்த ஆறாவது மாடி எங்க அக்கா? சாயங்காலம் போடணும்.”

ஆறாவது மாடியைத் திறந்தாள். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை. கறை, ஓட்டை, கைரேகை எல்லாவற்றையும் துடைத்தாள். சமையலறைப் படத்தில் ஜன்னல் வெளிச்சம் அதிகமாகி வெறும் வெள்ளையாக இருந்தது. வழக்கமாக அங்கே செருப்பு மேகம் போகும். ஆனால் கை அன்றைக்கு அவள் வசத்தில் இல்லை. சும்மா பார்ப்போமே என்று மரத்தை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

மரம் அங்கேயே பிறந்து வளர்ந்தது போல உட்கார்ந்துகொண்டது. ஒரு கிளையைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினாள். அடுப்பு மேடையில் இரண்டு இதழ்களைப் போட்டாள். குழாய் நுனியில் ஒன்றை, இப்போதா அப்போதா என்று விழுகிற மாதிரி வைத்தாள். இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, வேலைப் படத்துக்கு மேகத்தையே போட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் புரோக்கர் மறுபடி ஃபோன் செய்து, “அனுப்புங்க, அனுப்புங்க” என்றார். மொத்தமாக அனுப்பிவிட்டு, மரத்தைத் தேநீர்க் கோப்பைக்குள் நடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை புரோக்கரின் குரல் தழுதழுத்தது. “அக்கா, நீங்க மனுஷியே இல்ல.”

“ஏன், என்ன பண்ணேன்?”

“ஃபோனைக் கீழ வைக்க முடியல. எல்லாரும் அந்த ஜன்னல் வீடு, அந்த ஜன்னல் வீடுங்கறாங்க.”

“ஐயையோ, அதை உடனே எடுத்துடுங்க. அங்க மரமே இல்ல.”

“இல்லையா?”

“எத்தனை தடவை அந்த வீட்டைக் காட்டியிருக்கீங்க! ஜன்னலைப் பாத்ததே இல்லையா?”

“நான் எதுக்கு ஜன்னலைப் பாக்கணும்? நான் பார்ட்டி முகத்தை இல்ல பாப்பேன்?” கொஞ்சம் யோசித்தார். “சரி, இல்லன்னா இல்ல. வரட்டும், வாயால சமாளிச்சுக்கலாம். படத்துல மட்டும் கை வச்சுடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

அவர் வாய் எப்படிச் சமாளிக்கும் என்று கவலைப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் அன்று மாலையே மெக்கானிக் தன் ஃபோனில் வாடகை வீடுகளை ஒவ்வொன்றாக அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். “ம்ஹும். ம்ஹும். இதுவா, சமையலறையா, அலமாரியா? ம்ஹும்” என்று தள்ளிக்கொண்டே வந்த அத்தை, ஓரிடத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முன்னும் பின்னுமாகப் படங்களைத் தள்ளிப் பார்த்தார்.

“இந்த வீடு பரவாயில்ல.”

மெக்கானிக் காதைக் குடைந்துகொண்டான். “என்னம்மா சொன்னீங்க?”

“காது அடைச்சுப்போச்சா? இந்த வீடு. மரம் இருக்கே, இது. நாளைக்கே போய்ப் பாக்கலாம்.”

மெக்கானிக் சமையலறைக்குள் ஓடி வந்து மனைவியின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். “அம்மா சரின்னுட்டாங்க! ஏய், அம்மா சரின்னுட்டாங்க!” அவன் குரல் அன்றைக்குத்தான் முதல் மாடியை எட்டியது. அகலக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் ஹாலிலிருந்து கேள்வி வந்தது.

“இது உங்க புரோக்கர் போட்டதுதானே? நீ எடுத்ததா?”

“ஆமா அத்தை... ஆனா அதுல வந்து...”

“ஊரானுக்கெல்லாம் காட்டுவே, மாமியாருக்கு மட்டும் காட்ட மாட்டே. நல்ல மருமக.”

அகலக்கா வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ‘பரவாயில்ல’ மறுபடி ‘ம்ஹும்’ ஆகிவிடும். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. கண்ணை மூடினால் ஓரகத்தி சர்க்கரை டப்பாவோடு நின்றாள்.

மறுநாள் ஆறாவது மாடியில் அவர்களுக்கு முன்பே கூட்டம். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருந்தது. பெண்ணின் ஃபோன் திரையிலேயே அந்த ஜன்னல் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் வந்திருந்தார். புரோக்கர் சமையலறை ஜன்னலுக்குத் தடித்த திரை ஒன்றை மாட்டி, அதற்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வங்கிக் காவலாளி கூட அப்படி நிற்க மாட்டார்.

“வெயில் அடிக்குது, அதான்” என்றார்.

“வடக்குப் பக்கத்துல என்ன வெயில்?” என்று அத்தை அவரை ஒரு பொம்மையை நகர்த்துவது போல இரண்டு தோளிலும் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டுத் திரையை இழுத்தார்.

எதிரே பக்கத்துக் கட்டடத்தின் முதுகு. சிமென்ட் சுவர், நாலைந்து ஏசி பெட்டி, ஒரு கழிவுநீர்க் குழாய், குழாய் மேல் ஒரு புறா. புறா இவர்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“மரம் எங்க?” என்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“சீசன் முடிஞ்சுபோச்சு” என்றார் புரோக்கர்.

“பூ உதிரும் சரி. மரமுமா உதிரும்?” என்றார் தலைமையாசிரியர்.

புரோக்கர் வாயால் சமாளிக்கும் நேரம் வந்துவிட்டது. “வெட்டிட்டாங்க சார். நேத்துதான். என் கண்ணால பாத்தேன்.”

அந்தப் பொய் விழுந்த இடம் சாதாரண இடமல்ல. புதுப்பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. “அவ்வளவு பூவோடயா?” என்றாள். அவள் கணவன், “எந்தப் பாவி வெட்டினான்?” என்று சட்டைக் கையை மடித்தான். தலைமையாசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பள்ளி மைதானத்தின் மறுகோடியைத் திருத்திய அதே குரலில் கீழே கத்தினார். “யாருப்பா அங்கே? மேல வா!”

பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மரத்தை வெட்டினது யாரு?”

“எந்த மரம் சார்?”

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” தலைமையாசிரியர் எல்லோரையும் பார்த்தார். “எந்த மரம்னு கேக்கறான். எத்தனை மரம் வெட்டியிருப்பான்!”

“நான் இப்பத்தான் வேலைக்குச் சேந்தேன் சார். என் டூட்டியில எதையும் வெட்டல.” வாட்ச்மேன் சுவரையும் புறாவையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோரும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஒருவேளை நைட் டூட்டிக்காரன் வெட்டியிருப்பான். அவன் ஆளு சரியில்ல.”

“அவன் பேர் என்ன? ஃபோன் நம்பர் குடு” என்றான் புது மாப்பிள்ளை. தலைமையாசிரியர் ஏற்கெனவே நகராட்சிக்கு ஃபோன் போட்டுவிட்டார். “கொலைங்க இது, கொலை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நைட் டூட்டிக்காரரின் வேலை, இல்லாத ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அகலக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் கூரையைப் பார்த்தான். புரோக்கர் கண்ணாலேயே கெஞ்சினார். வாயைத் திறந்தால் வேலை போகும், வீடு போகும், அத்தை வாய்க்கு ஆயுசுக்கும் தீனி கிடைக்கும், ஓரகத்தி வீட்டு மாடியறையில் மெத்தை விரியும். திறக்காவிட்டால் இல்லாத மரத்துக்கு ஒருத்தன் தண்டனை வாங்குவான்.

“அந்த மரத்தை யாரும் வெட்டல” என்றாள். “நான்தான் நட்டேன்.”

“எங்க?” என்றார் தலைமையாசிரியர்.

“கம்ப்யூட்டர்ல.”

தலைமையாசிரியரின் ஃபோனில் நகராட்சி ஆள் ஹலோ ஹலோ என்று கத்துவது கேட்டது. அவர் ஃபோனைக் காதில் வைத்து, “ஒண்ணுமில்லைங்க. மரம் கிடைச்சுடுச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எல்லா முகங்களும் அகலக்காவின் பக்கம் திரும்பின. அவள் பஞ்சர் கடையிலிருந்து தொடங்கி, கை எப்படித் தன் வசத்தில் இல்லாமல் போனது என்பது வரை மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவ்வளவு கலவரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். புதுப்பெண்தான் முதலில் சிரித்தாள். வாட்ச்மேன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, “என்னைக் கொலைகாரன் ஆக்கிட்டீங்களே. அந்த மரத்தையாவது காட்டுங்க, பாப்போம்” என்றார். படத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. இதை வெட்ட யாருக்கு மனசு வரும்?” என்று கீழே இறங்கிப் போனார்.

வீடு பார்க்க வந்தவர்கள் கலைந்தார்கள். புதுப்பெண் மட்டும் கதவருகே நின்று, “அக்கா, இப்ப நாங்க இருக்கிற வீட்டு ஜன்னல்ல இதே மாதிரி வச்சுத் தருவீங்களா? மரம் வீட்டுக்குப் போறோம்னு எல்லாருக்கும் படத்தை அனுப்பிட்டேன்” என்று காதோடு கேட்டுவிட்டுப் போனாள்.

புரோக்கர் பொரிந்தார். “நாளையிலேருந்து நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். வீட்டைப் படம் பிடிக்கச் சொன்னா தோட்டம் போட்டு வச்சிருக்காங்க! வந்த பார்ட்டி எல்லாம் போச்சு!”

“எல்லாம் போகல. நாங்க இருக்கோம்ல” என்றார் அத்தை.

அகலக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிச்சுடுங்க அத்தை. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க மரத்தைப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னீங்க...”

“எவ சொன்னா?” அத்தை மகனின் ஃபோனை வாங்கி அந்தப் படத்தை மருமகள் மூக்குக்கு நேரே நீட்டினார். “ஆறாவது மாடி ஜன்னல்ல கிளையோட அடிவயிறு தெரியுது. மேலேருந்து பாத்தா மரத்தோட உச்சிதானே தெரியணும்? கடைக் கண்ணாடிக்குள்ள காலம் பூரா பொம்மை முதுகுல குண்டூசி குத்தினவ நான். முன்னாடி இவ்வளவு அழகா இருந்தா, பின்னாடி எத்தனை ஊசி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏம்மா இந்த வீடு வேணும்னீங்க?” என்றான் மெக்கானிக்.

அத்தை சமையலறையை விட்டு வெளியே போய், ஹாலைத் தாண்டி, இரண்டாவது படுக்கையறைக்கு முன்னால் நின்றார். அவர் குரல் முதன்முறையாகத் தயங்கியது. மருமகளை மட்டும் பார்த்துக் கேட்டார்.

“இந்தக் கதவு... இதுவும் நீ வச்சதா?”

அகலக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு, தள்ளிவிட்ட வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. முறைத்த படிக்கட்டு, அழுத குழாய், பயமுறுத்திய சரியான வீடு. எல்லாவற்றிலும் ஒரே ஒரு படுக்கையறை. அத்தையின் கட்டில் எங்கே போனாலும் ஹாலில், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில்.

“இல்ல அத்தை. கதவு நிஜம்” என்றாள். “தொட்டுப் பாருங்க.”

அத்தை தொட்டார். தட்டினார். தாழ்ப்பாளை மேலும் கீழும் இழுத்தார்.

“சொல்லியிருக்கலாமேம்மா” என்றான் மெக்கானிக்.

“சொன்னா, இந்த வயசுல தனிக் கதவு எதுக்கும்மான்னு கேப்பே.”

மெக்கானிக் யோசித்துப் பார்த்தான். கேட்டிருப்பான்தான்.

அத்தை புரோக்கர் பக்கம் திரும்பினார். “இந்த வீட்டுக்கு இனிமே யார் வந்தாலும் மரம் கேப்பாங்க. நாங்க கேக்க மாட்டோம். பேசி முடிங்க. அப்புறம், என் மருமகளை விட்டுட்டு வேற ஆளைப் பாக்கறதுன்னா தாராளமாப் பாருங்க. உங்க எலிவளையை எல்லாம் அவன் எப்படி அகலமாக்கறான்னு நானும் பாக்கறேன்.”

புரோக்கர் ஹாலின் மூலையை ஒருமுறை பார்த்தார். அங்கே முதுகை ஒட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடிக்க வேறு யார் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். “கோவத்துல சொல்றதுதான்மா. அக்காவை விடுவேனா?” என்று வீட்டுக்காரருக்கு ஃபோன் போட வாசலுக்கு நடந்தார்.

அத்தை அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். திறந்தார். வெளியே நின்ற இரண்டு பேரையும் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். மறுபடி சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ கைதட்டுகிற மாதிரியும் கேட்டது.

“அம்மா?” என்று மெக்கானிக் கதவைத் தள்ளினான்.

“தட்டிட்டு வா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தட்டினான்.

“யாரு?”

“நான்தாம்மா.”

“என்ன வேணும்?”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணும் வேணாம்மா. சும்மாதான்.”

“சும்மான்னா அப்புறம் வா. இப்ப நான் வேலையா இருக்கேன்.”